இளம் வயதுப் பக்கவாதம்: இதயத்தைப் பார்க்காமல் கோப்பை மூடக் கூடாது

ரத்தக் கொதிப்பு இல்லை, சர்க்கரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை. வயது நாற்பதைத் தொடவில்லை. அப்படிப்பட்ட ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிட்டால் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி, ‘இந்த வயசுல ஏன் வந்துச்சு?’ என்பதுதான். மூளையை ஸ்கேன் எடுக்கிறார்கள். கழுத்து ரத்தக்குழாய்களைப் பார்க்கிறார்கள். ரத்தப் பரிசோதனைகள் நடக்கின்றன. எதுவும் பிடிபடாதபோது ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் எழுதிக்கொடுத்து, பிசியோதெரபிக்கு வரச் சொல்லி, ‘காரணம் தெரியவில்லை’ என்ற குறிப்போடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ரத்தக்குழாய் அடைபடுவதால் வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இப்படிக் காரணம் தெரியாமலே நிற்கிறது. இன்னொரு ஐந்தில் ஒரு பங்கு, இதயத்திலிருந்து கிளம்பி மூளைக்குப் போகும் ரத்தக்கட்டியால் வருகிறது. இளம் வயதினரைப் பொறுத்தவரை முதல் வகையில் சேர்க்கப்பட்டவர்களில் பலர் உண்மையில் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய இதயத்தை யாரும் உரிய முறையில் பார்க்கவில்லை. அறுபது வயதுக்கு உட்பட்டவருக்குத் தெளிவான காரணம் இல்லாமல் பக்கவாதம் வந்தால், அவருடைய இதயத்தின் அமைப்பை முழுமையாகப் பார்த்து முடிக்கும்வரை கோப்பை மூடக் கூடாது. இதைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கட்டாய நடைமுறையாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கருவில் இருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. தொப்புள்கொடி வழியாகத் தாயிடமிருந்து வரும் ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் இதயத்தின் வலது மேலறைக்கு வந்து சேர்கிறது. சுருங்கிக் கிடக்கும் நுரையீரலுக்கு அது போய்ப் பயனில்லை. ஆகவே இரு மேலறைகளுக்கும் நடுச்சுவரில் உள்ள ஒரு திறப்பின் வழியாக இடது மேலறைக்குக் கடந்து, அங்கிருந்து மூளைக்குச் செல்கிறது. பிறந்த குழந்தை முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரல் விரிகிறது. இடப்பக்க அழுத்தம் கூடுகிறது. திறப்பின் மேல் இருக்கும் மெல்லிய மடல் சுவரோடு அழுந்திக்கொள்கிறது. பெரும்பாலோருக்கு அது நாளடைவில் நிரந்தரமாக ஒட்டிவிடும். நான்கு பேரில் ஒருவருக்கு ஒட்டுவதில்லை. அழுத்தம் மாறும்போது மட்டும் திறக்கும் ஒற்றைக் கதவாக அது வாழ்நாள் முழுவதும் இருந்துவிடுகிறது.

இருமும்போதும், தும்மும்போதும், மலச்சிக்கலில் முக்கும்போதும், பாரம் தூக்கும்போதும் வலப்பக்க அழுத்தம் ஒரு கணம் உயர்ந்து அந்த மடல் விலகும். சரியாக அந்த நேரத்தில், காலின் ஆழ்ந்த சிரையில் உருவான ஒரு சிறு ரத்தக்கட்டி வலது மேலறைக்கு வந்திருந்தால், நுரையீரலில் சிக்கி அங்கேயே கரைந்திருக்க வேண்டிய அது, இடப்பக்கம் தாண்டி மூளைக்குப் போய்விடும். ஜெர்மானிய நோய்க்கூறியல் மருத்துவர் யூலியஸ் கோன்ஹைம் இதை 1877-இலேயே எழுதிவைத்தார். மூளைத் தமனி அடைபட்டு இறந்த 35 வயதுப் பெண்ணின் உடலை ஆய்வு செய்தபோது, காலின் சிரையில் நீண்ட ரத்தக்கட்டியையும், இதயத்தின் நடுச்சுவரில் மூன்று விரல்கள் நுழையும் அளவுக்குத் திறப்பையும் அவர் கண்டார்.

உயிரோடு இருக்கும் நோயாளிகளிடம் இந்தத் தொடர்பை எண்ணிக்கையோடு காட்ட அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1988-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் 55 வயதுக்கு உட்பட்ட பக்கவாத நோயாளிகளை எக்கோ கருவியால் பரிசோதித்தார்கள். 40 சதவீதத்தினருக்குத் திறப்பு இருந்தது. ஒப்பீட்டுக்காகப் பார்த்தவர்களில் 10 சதவீதத்தினருக்கே இருந்தது. இன்று உலகம் அறிந்த சில முகங்கள் வழியாகவும் இந்தச் செய்தி பரவியிருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து வீரர் டெடி புரூஸ்கிக்கு 2005 பிப்ரவரியில், 31 வயதில், பக்கவாதம் வந்தது. திறப்பை அடைத்த பிறகு அதே ஆண்டு அவர் களத்துக்குத் திரும்பினார். மாடல் அழகி ஹெய்லி பீபருக்கு 2022 மார்ச்சில், 25 வயதில், சிறிது நேரத்தில் மறைந்துவிடும் தற்காலிகப் பக்கவாதம் வந்தது. கருத்தடை மாத்திரை, சமீபத்தில் வந்துபோன கொரோனா, நீண்ட விமானப் பயணம் ஆகிய மூன்றும் தனக்கு ஒன்றாகச் சேர்ந்துகொண்டதை அவரே வெளிப்படையாகப் பேசினார்.

அவர் சொன்னதில் நம் மருத்துவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. இதயத்தில் திறப்பு மட்டும் இருந்தால் போதாது. கடந்து போக ஒரு கட்டியும் வேண்டும். அது எங்கே உருவானது என்று கேட்க வேண்டும். எலும்பு முறிந்து கட்டுப்போட்டுப் படுத்திருந்தாரா? சமீபத்தில் பிரசவமா? வளைகுடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்து பறந்து வந்தாரா? நம் ஊரில் கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கோயில் விசேஷத்துக்காகவோ, வீட்டில் கல்யாணம் என்பதற்காகவோ மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் நேரடியாக மாத்திரை வாங்கிப் போடும் பெண்கள் ஏராளம். ரத்தம் உறையும் போக்கை அந்த ஹார்மோன் மாத்திரை கூட்டக்கூடும். அதை யாரும் ஒரு மருந்தாகவே எண்ணுவதில்லை; ஆகவே, ‘ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாம்மா?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

திறப்பைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. ஊசி வழியாக ஏற்றும் உப்புநீர், இரண்டு சிரிஞ்சுகள், நடுவே இணைக்கும் ஒரு சிறிய குழாய், ஓர் எக்கோ கருவி போதும். உப்புநீரோடு துளி காற்றைச் சேர்த்து இரு சிரிஞ்சுகளுக்கும் இடையே வேகமாக முன்னும் பின்னும் தள்ளினால் நுண்ணிய குமிழிகள் உருவாகும். அதைக் கைச்சிரையில் செலுத்திவிட்டு, நோயாளியை மூச்சடக்கி முக்கச் சொல்லி விடச் சொல்வார்கள். குமிழிகள் வலப்பக்கம் நிறைந்து தெரியும். நுரையீரலின் நுண்குழாய்களைத் தாண்ட அவற்றால் முடியாது. ஆகவே மூன்று இதயத்துடிப்புகளுக்குள் இடது மேலறையில் குமிழிகள் தெரிந்தால் நடுச்சுவரில் வழி இருக்கிறது என்று பொருள். சில துடிப்புகள் தாமதித்துத் தெரிந்தால், வழி நுரையீரலில் இருக்கக்கூடும்: தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்ட முடிச்சு அது. அந்த முடிச்சு உள்ளவர்களில் பலருக்கு அடிக்கடி மூக்கிலிருந்து ரத்தம் வரும், பெற்றோரில் ஒருவருக்கும் அப்படி வந்திருக்கும். ‘உங்க வீட்டுல யாருக்காவது அடிக்கடி மூக்குல ரத்தம் வருமா?’ என்ற ஒற்றைக் கேள்வி அந்த அரிய பரம்பரை நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வழக்கமான எக்கோவில், குமிழி செலுத்தாமல் பார்க்கும்போது, இந்தத் திறப்பு பெரும்பாலும் தெரியாது. ‘எக்கோ நார்மல்’ என்ற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதயத்தில் எதுவும் இல்லை என்று நிம்மதி அடைந்த குடும்பங்களை நினைத்தால் எனக்கு மனம் பதைக்கிறது.

நான்கில் ஒருவருக்கு இருக்கும் திறப்பை அரியது என்று சொல்ல முடியாது. உண்மையிலேயே அரிய கோளாறுகள் வேறு. அவற்றில் முதலில் சொல்ல வேண்டியது மிக்ஸோமா என்ற கட்டி. பெரியவர்களுக்கு இதயத்திலேயே முளைக்கும் கட்டிகளில் இதுதான் அதிகம். புற்றுநோய் அல்ல, நான்கில் மூன்று இடது மேலறையில் வளரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். குழகுழவென்று கூழ்த்தன்மையோடு இருக்கும் இந்தக் கட்டியிலிருந்து துணுக்குகள் பிய்ந்து மூளைக்குப் போகும். காய்ச்சல், எடை இழப்பு, மூட்டுவலி என்று வேறு ஏதோ நோயைப் போலப் பல மாதங்கள் அது ஏமாற்றிக்கொண்டிருக்கும். நோயாளி காசநோய்க்கோ வாத நோய்க்கோ சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பார். எக்கோ எடுத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். 1954-இல் ஸ்வீடனின் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் முதன்முதலில் இதை வெற்றிகரமாக அகற்றினார். அறுவைச் சிகிச்சையால் முற்றிலும் குணமாகிவிடக்கூடிய ஒரு காரணத்தைத் தவறவிட்டு, இரண்டாவது பக்கவாதத்துக்குப் பிறகு கண்டுபிடிப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. கம்பி செலுத்தி மூளைக் குழாயிலிருந்து அடைப்பை வெளியே எடுக்கும் சிகிச்சை இப்போது நம் பெருநகரங்களில் நடக்கிறது. வெளியே எடுத்த துணுக்கைக் குப்பையில் போடாமல் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினால், அது ரத்தக்கட்டியா, மிக்ஸோமாவின் துண்டா, கிருமித் தொற்று உள்ள வால்விலிருந்து பிய்ந்ததா என்று தெரிந்துவிடும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு.

இடது மேலறையின் நடுவே பிறவியிலேயே ஒரு சவ்வு குறுக்கிட்டு, நான்கு அறைகள் உள்ள இதயத்தை ஐந்து அறைகளாக்கும் கோளாறும் உண்டு. சவ்வுக்குப் பின்னால் ரத்தம் தேங்கி உறையும். கருவில் பஞ்சுபோல இருக்கும் இதயத்தசை இறுகிக் கெட்டிப்படாமல் நின்றுவிடும் கோளாறு இன்னொன்று. இடது கீழறையின் உட்சுவர் முழுக்க ஆழமான இடுக்குகளாக இருக்கும். இதயம் பலவீனமடையும்போது அந்த இடுக்குகளில் ரத்தம் உறையும். இதைப் படிக்கும் விளையாட்டு வீரர்கள் பயப்பட வேண்டாம். கடும் பயிற்சி செய்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இப்படித் தோற்றம் தருவது பெரும்பாலும் நோயாக இராது என்று இப்போது தெரிந்திருக்கிறது.

அரியவற்றிலும் அரியது ஒன்று உண்டு. இடது கையிலிருந்து வரும் ரத்தத்தைச் சுமக்கும் ஒரு சிரை, கருவிலேயே மறைந்துபோக வேண்டியது, ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு மறையாமல் நிற்கிறது. பெரும்பாலும் அது வலது மேலறைக்கே போய்ச் சேர்வதால் தொல்லை எதுவும் இல்லை. வெகு சிலருக்கு இடது மேலறையில் திறக்கும். அவர்களுடைய இடது கையில் ஏற்றும் டிரிப்ஸில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அது நேராக மூளைக்குப் போகலாம். வலது கையில் குமிழிப் பரிசோதனை செய்தால் இது தெரியாது. இடது கையிலும் செய்தால்தான் தெரியும். சந்தேகம் தீராத நோயாளிக்கு இன்னொரு ஊசி போட்டுப் பார்க்கும் பொறுமை, ஓர் உயிரின் புதிரை அவிழ்த்துவிடுகிறது.

நம் பக்கத்து மண்ணிலும் காணப்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். இதயத்தின் உட்சவ்வு தடித்து நார்த்திசுவாக மாறி, கீழறையின் நுனியில் ரத்தம் உறையும் நோய் ஒரு காலத்தில் உகாண்டாவிலும் கேரளத்தின் கடலோரத்திலும் அதிகமாகக் காணப்பட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை மருத்துவ நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய எம்.எஸ்.வலியத்தான், அப்பகுதி மோனசைட் மணலில் உள்ள சீரியத்தோடும் உணவில் மக்னீசியம் குறைவதோடும் இதைத் தொடர்புபடுத்தி ஆராய்ந்தார். கருதுகோள் முற்றிலும் நிரூபணமாகவில்லை. ஆனால் வாழ்க்கைத்தரம் உயர்ந்த பிறகு நோய் குறைந்துவிட்டது. ஏழைக் குழந்தைகளின் இதயத்தைக் கெடுத்த அந்த நோயைப் பற்றி இங்கே அதிகம் பேசப்படவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். இதயத்தில் ஏதோ ஒன்று இருப்பதாலேயே பக்கவாதத்துக்கு அதுதான் காரணம் ஆகிவிடாது. நான்கில் ஒருவருக்குத் திறப்பு இருக்கிறது என்றால், ஏழு கோடிக்கு மேல் மக்கள் உள்ள தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் அது இருக்கும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தத் தொல்லையும் இல்லாமல் முதுமை எய்துவார்கள். பக்கவாதமே வராத ஒருவருக்கு முழு உடல் பரிசோதனையில் தற்செயலாகத் தெரியவந்தால், அதை அடைக்கத் தேவையில்லை. ஒற்றைத் தலைவலிக்காக அடைப்பதும் ஆய்வுகளில் தன்னை நிரூபிக்கவில்லை. ‘இதயத்தில் ஓட்டை’ என்று சொல்லிவிட்டு ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பினால் அவளுடைய திருமணம்வரை அந்தச் சொல் துரத்தும். சொல்லும் மருத்துவர் உட்கார்ந்து பத்து நிமிடம் விளக்குவது அவருடைய கடமை.

இஸ்ரேலியப் பிரதமர் ஏரியல் ஷரோனுக்கு நேர்ந்தது இந்த எச்சரிக்கையின் பெரிய உதாரணம். 2005 டிசம்பரில், 77 வயதில், அவருக்கு லேசான பக்கவாதம் வந்தது. பரிசோதனையில் மேலறைச் சுவரில் சிறு திறப்பு தெரிந்தது. 2006 ஜனவரி 5 அன்று அதை அடைப்பதாக ஏற்பாடு. அதுவரை ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். ஜனவரி 4 இரவு மூளையில் பெரும் ரத்தக்கசிவு. எட்டு ஆண்டுகள் நினைவு திரும்பாமலே கிடந்து 2014 ஜனவரி 11 அன்று இறந்தார். எழுபது கடந்தவருக்குப் பக்கவாதம் வர எத்தனையோ காரணங்கள் உண்டு. அந்த வயதில் இதயத் திறப்பு பெரும்பாலும் உடன் இருக்கும் சாட்சிதான், குற்றவாளி அல்ல. ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும் மருந்துக்கும் ஒரு விலை இருக்கிறது.

திறப்பை அடைக்கும் கருவியால் பயன் உண்டா என்பதையே மருத்துவ உலகம் நெடுநாள் விவாதித்தது. 2012, 2013-இல் வெளியான மூன்று ஆய்வுகள் தெளிவான பதில் தரவில்லை. 2017 செப்டம்பரில் ஒரே நாளில் வெளியான மூன்று ஆய்வுகள் நிலையை மாற்றின. அவற்றில் பிரெஞ்சு மருத்துவர்கள் தலைமையேற்ற ஆய்வு ஆபத்தான அமைப்பு உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது: திறப்பு பெரிது, அல்லது நடுச்சுவர் தளர்ந்து இப்பக்கமும் அப்பக்கமும் அலைகிறது. கருவி பொருத்திய 238 பேரில் ஒருவருக்கும் பக்கவாதம் மீண்டும் வரவில்லை. ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் மட்டும் பெற்ற 235 பேரில் 14 பேருக்கு வந்தது. கருவி பொருத்தியவர்களில் 4.6 சதவீதத்தினருக்கு இதயத்துடிப்பு ஒழுங்கு தவறியது என்பதையும் மறைக்கக் கூடாது. 2021-இல் ஆறு ஆய்வுகளின் 3,740 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கருவி பொருத்தியவர்களுக்கு ஆண்டுக்கு 0.47 சதவீதமும் மற்றவர்களுக்கு 1.09 சதவீதமும் பக்கவாதம் திரும்ப வந்தது தெரிந்தது. திறப்பு காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று மதிப்பிடப்பட்டவர்களுக்கோ கருவியால் நன்மை இல்லை; துடிப்புக் கோளாறுதான் கூடியது.

இந்த எண்களிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு இது: தேடுவது எல்லோருக்கும் வேண்டும், அடைப்பது சிலருக்கு மட்டும் வேண்டும். அந்தச் சிலர் யார் என்பதை நரம்பியல் மருத்துவரும் இதயவியல் மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். கருவியை விற்பவரோ, அதைப் பொருத்துவதால் வருமானம் பெறுபவரோ தனியாக முடிவு செய்யக் கூடாது. அரசுக் காப்பீட்டுத் திட்டம் இதற்குப் பணம் தருவதாக இருந்தால், இருவரின் கையெழுத்தையும் நிபந்தனையாக வைக்கலாம்.

அரிய கோளாறுகளைப் பேசும்போது, நம் ஏழை வீடுகளில் இன்றும் பரவலாக இருக்கும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. சிறுவயதில் வந்த தொண்டை வலி, அதைத் தொடர்ந்த கீல்வாதக் காய்ச்சல், அதனால் சுருங்கிப்போன மைட்ரல் வால்வு. இடது மேலறை வீங்கி, துடிப்பு ஒழுங்கு தவறி, அங்கே ரத்தம் உறைகிறது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வில், துடிப்புக் கோளாறோடு இந்த வால்வு நோயும் சேர்ந்தவர்களுக்குப் பக்கவாத அபாயம் 17 மடங்காக இருந்தது. பணக்கார நாடுகளில் அரிதாகிவிட்ட இந்த நோய், நம் அரசு மருத்துவமனைகளில் இளம் பெண்களுக்கு வரும் பக்கவாதத்தின் முக்கியக் காரணங்களில் ஒன்று. தடுக்கக்கூடியது: 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி. சுருங்கிய வால்வைப் பலூன் கொண்டு விரிக்கும் முறையை ஜப்பானின் கான்ஜி இனோவே 1984-இல் உலகுக்குத் தந்தார். இங்கே அது வெகுகாலமாக நடக்கிறது. புதிய, விலை கூடிய மாத்திரைகளைவிடப் பழைய வார்ஃபரின் வகை மாத்திரையே இந்த நோயாளிகளுக்குச் சிறந்தது என்று 24 நாடுகளில் 4,500-க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2022-இல் காட்டியது. ஆனால் அந்த மாத்திரைக்கு அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும். கர்ப்பம் தரித்தால் கருவைப் பாதிக்கும் என்பதால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தேறி, ஒருநாள் கூலியை இழந்து, வரிசையில் நின்று அளவு பார்க்கும் பெண் எத்தனை மாதம் தொடர்ந்து வருவாள்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதே கைகளால் பெனிசிலின் நாளை நினைவூட்டவும், விரல் நுனி ரத்தத்தில் உறைதல் அளவு பார்க்கும் சிறு கருவியைக் கொண்டுபோகவும் முடியும். பள்ளிக் குழந்தைகளின் பிறவி இதயக் கோளாறைத் தேடும் திட்டம் 2013 முதல் நாட்டில் இருக்கிறது. அந்தக் குழு மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைக்கும்போதே வால்வின் முணுமுணுப்பையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

முதல் சில மணி நேரத்தில் செய்ய வேண்டியதில் மட்டும் எந்த வேறுபாடும் இல்லை. காரணம் இதயமோ வேறெதுவோ, அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கான நேரம் பொதுவாக நாலரை மணி. புறா ரத்தம் தேய்ப்பதிலும், கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதிலும் அந்த நேரம் போய்விடக் கூடாது. காரணத்தைத் தேடுவது அதற்குப் பிறகு. அப்போது குடும்பத்தினர் தயங்காமல் கேட்கலாம்: எக்கோ எடுத்தீர்களா, குமிழி செலுத்திப் பார்த்தீர்களா, உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் எக்கோ தேவையா, துடிப்பை ஒருநாளுக்கு மேல் பதிவு செய்தீர்களா? டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த நான்குக்கும் தனித்தனியே ‘செய்யப்பட்டது’ அல்லது ‘செய்யப்படவில்லை, காரணம் இது’ என்று எழுதும் படிவம் ஒன்றை மருத்துவக் கல்வி இயக்ககம் வெளியிட்டால், இந்தக் கட்டுரை கேட்பதில் பாதி நடந்துவிடும்.